விழாவுக்கும் மையித்துக்கும் ஒரே குரல்

கல்முனையில் கல்லெறிந்தால் ஒரு கவிஞர்மேல் விழும், தவறினால் கவிஞரின் மச்சான்மேல் விழும், அந்த மச்சானும் ரகசியமாக ஒரு தொகுப்பு வைத்திருப்பார் என்று ஒரு பேச்சு உண்டு. மிகைதான், ஆனால் பெரிய மிகையில்லை. கடலுக்கும் வயலுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கும் இந்தக் கரையில் சனி, ஞாயிறு பின்னேரம் என்றால் எங்காவது ஒரு நூல் வெளியீடு, எங்காவது ஒரு கவியரங்கு, எங்காவது பிள்ளைகளின் சித்திரக் கண்காட்சி நடந்துகொண்டிருக்கும். எழுதுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை, போர்த்துகிற பொன்னாடைக்கும் பஞ்சமில்லை. ஆனால் இவ்வளவு பெருமக்களையும் சண்டை வராமல் வரிசைப்படுத்தி மேடைக்கு அழைக்க ஒரு ஆள் வேண்டும். இருபது வருடத்துக்கு மேலாக அந்த ஆள் ஜவாத்.

ஜவாத் பெரிய படிப்புப் படித்தவரல்ல. சாதாரண தரப் பரீட்சையோடு புத்தகத்தை மூடிவிட்டு ஓட்டோ ஓட்டப் போனவர். குரல் மட்டும் அல்லாஹ் கொடுத்தது. அவர் ஒருவரை அறிமுகம் செய்தால், தான் யாரென்று அந்த ஆளுக்கே அன்றைக்குத்தான் தெரியவரும். அரசாங்கக் கச்சேரியில் கோப்புத் தூக்குகிற ஒரு மனிதர், வாழ்நாளில் நாலு கவிதை எழுதியிருப்பார். ஜவாத் வாயால் அவர் பெயர் வரும்போது சபை நிமிர்ந்து உட்காரும், அவர் கண் கலங்கியபடி மேடைப்படி ஏறுவார். காலில் ரப்பர் செருப்போடு மைக்கின் முன்னால் நிற்கிற ஓட்டோக்காரன்தான் இதைச் செய்தான் என்பது யாருக்கும் நினைவிருக்காது. ஜவாதுக்கு அது போதும். கிழமை முழுதும் மீன் கூடையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஏற்றி இறக்குகிற மனிதர், அந்த இரண்டு மணித்தியாலத்துக்காகத்தான் மற்ற நாளெல்லாம் உயிரோடிருந்தார் என்று சொன்னால் பிழையில்லை.

ஓட்டோவின் கூரையில் இரண்டு ஹோன் ஸ்பீக்கர் பூட்டியிருந்தார். விழா நடக்கப்போகிறது, கடை திறக்கப்போகிறது, பிள்ளையைக் காணவில்லை என்று எல்லாம் அந்த ஸ்பீக்கரால்தான் ஊருக்குத் தெரியவரும். வினை அங்கேதான் தொடங்கியது. கொரோனாக் காலத்தில் ஊரடங்கு அறிவித்தலும் மௌத்து எனும் மரண அறிவித்தலும் அவர் தலையில் விழுந்தன. அதன் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் தொழுகைக்கான பாங்கு மட்டும் சொல்வதென்று நிர்வாக சபையில் தீர்மானித்தார்கள். மையித்துச் செய்தி முழுதும் ஜவாதின் ஓட்டோவுக்கு வந்துவிட்டது. வாட்சப் இருக்கிறதே என்று கேட்கலாம். வாட்சப்பில் ஒருமுறை ஒரு ஹாஜியாரைச் சாகடித்து, சனம் திரண்டுபோய்ப் பார்த்தால் அவர் முன்வாசலில் கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தார். அன்றிலிருந்து ஜவாதின் ஓட்டோ வந்து சொன்னால்தான் மௌத்து, இல்லாவிட்டால் வதந்தி என்பது ஊர் வழக்கம்.

நன்மையான காரியம், மறுக்க முடியாது. ஆனால் நாளுக்கொன்று, சில நாளில் இரண்டு என்று அவர் மௌத்துச் சொல்லச் சொல்ல, அந்தக் குரல் மெல்ல மெல்ல மையித்துக் குரலாகிவிட்டது. ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளையை வரவேற்க மைக்கை எடுத்து ஸலாம் சொன்னார். சமையல்கட்டில் வேலையாயிருந்த ஒரு மூதாட்டி, “ஆரு மௌத்து மனெ?” என்று கேட்டுக்கொண்டு அலறி ஓடிவந்தா. சபை சிரித்தது, மாப்பிள்ளையின் உம்மா சிரிக்கவில்லை. ஒரு நூல் வெளியீட்டில் அவர் வாய் திறந்ததும் முன்வரிசையில் இருந்த இரண்டு பேர் தங்களை அறியாமல், மௌத்துக்குச் சொல்கிற இன்னாலில்லாஹியைச் சொன்னார்கள். நூலாசிரியருக்கு முகம் கறுத்துப்போனது. முதல் புத்தகமல்லவா?

யாரும் அவரிடம் நேரே வந்து நீ வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் ஊரில் அப்படிச் சொல்லும் வழக்கமில்லை. அழைப்பிதழ் வரும், உள்ளே தொகுப்பாளர் என்ற இடத்தில் வேறு பெயர் இருக்கும். ஓட்டோ தரிப்பிடத்தில் நின்றபடி அவர் அந்த அழைப்பிதழ்களை ஒன்றுக்கு இரண்டு தரம் வாசிப்பார். விழாவுக்குப் போய்ப் பின்னால் நிற்பார். புதுத் தொகுப்பாளர் தடுமாறுகிற இடத்திலெல்லாம் இவர் உதடு தானாக அசையும். தேனும் கருஞ்சீரகமும் தின்று பார்த்தார். குரலை மெலிதாக்கிக் கதைத்துப் பார்த்தார். ஆளில்லாத ஓட்டோவில் வயல் ரோட்டால் போகும்போது, “அன்பார்ந்த கலை நெஞ்சங்களே” என்று மகிழ்ச்சியாகச் சொல்லிப் பழகினார். ஒரு நாள் வரப்பில் நின்ற மனிதர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, யாருடைய ஜனாஸா என்று கேட்டார்.

அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. மனைவி ஜெனூபா காரணம் கேட்டு அறிந்து முதலில் சிரித்துவிட்டா. பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டா. மௌத்துச் சொல்கிற வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்றா. ஜவாத் அதையும் பள்ளிவாசல் தலைவரிடம் ஒருதரம் கேட்டுப் பார்த்திருந்தார். தலைவர் நன்மையைப் பற்றி நீளமாகச் சொல்லி அனுப்பிவிட்டார். கவலையில்லாத ஆளுக்கு அடுத்தவனின் கவலை ஒரு பயான் சொல்வதற்குச் சந்தர்ப்பம்.

இப்படி இரண்டு வருடம் மேடையே இல்லாமல் காய்ந்து கிடந்த மனிதருக்கு ஒரு கதவு திறந்தது என்றால் அது சாமித்தம்பி சேரால். பாண்டிருப்பைச் சேர்ந்த ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர். தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடத்துகிற கரையோரக் கலை வட்டத்துக்குத் தலைவர். வட்டத்தின் ஆண்டு விழாவுக்கு யார் தொகுப்பாளர் என்ற கூட்டத்தில் எல்லோரும் வினோஜாவைச் சொன்னார்கள். யூடியூப்பில் நிகழ்ச்சி செய்கிற பிள்ளை, நல்ல தெளிவான குரல். ஜவாதின் பெயரைச் சாமித்தம்பி சேர் சொன்னபோது ஒருவர், “அவரு ‘அடுத்ததாக’ எண்டு சொன்னாலே நமக்கு நெஞ்சு பக்கெங்கிது சேர், அடுத்தது ஆரோ எண்டு” என்றார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, ஜவாதும் வினோஜாவும் சேர்ந்து செய்யட்டும், இந்த ஒருதரம் பார்ப்போம், சபை முகம் சுளித்தால் இனி நான் அந்தப் பெயரை எடுக்கமாட்டேன் என்று அவர் முடித்துவைத்தார்.

இந்த ஒருதரம். ஜவாதுக்கு அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. தைத்த நேரத்திலிருந்து விழாவும் நடக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. முதலில் குறித்த திகதியில் ஊரின் பெரிய வர்த்தகர் ஒருவர் வபாத்தானார். ஊரே அறிந்த ஒருவரின் மௌத்து அறிவித்த நாளில் மைக் போட்டு விழா நடத்துவது மரியாதையில்லை என்பதால் சாமித்தம்பி சேர் உடனே ஒத்திவைத்தார். அந்த மௌத்தை ஊருக்குச் சொன்னதும் ஜவாத்தான். இரண்டாம் தரம் குறித்த திகதியை வெள்ளம் கொண்டுபோனது. மூன்றாம் தரம் ஒரு மௌலவியின் தாய் மௌத்து. அதையும் ஜவாதே சொன்னார். தன் விழாவைத் தன் வாயாலேயே நிறுத்திக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றினார். இந்த முறையும் தள்ளிப்போனால் அடுத்த தடவை வினோஜா தனியே செய்வது, நோன்புக்கு முன்னர் சின்னதாக முடித்துவிடுவது என்று செயற்குழு சொல்லிவிட்டது. சாமித்தம்பி சேராலும் அதற்கு மேல் பேச முடியவில்லை.

நாலாம் தரம் குறித்த திகதி ஒரு சனிக்கிழமை. விடிந்ததிலிருந்து ஜவாத் வானத்தைப் பார்த்தார், பிறகு போனைப் பார்த்தார். இரண்டும் சும்மா இருந்தன. பத்து மணிபோல் சிற்றுண்டி எடுக்கப் பாத்தும்மாவின் வீட்டுக்குப் போனார்.

பாத்தும்மாவைத் தெரியாத கலைஞர் இந்தக் கரையில் இல்லை. கவிதையைத் தெரியாமல் இருக்கலாம், பாத்தும்மாவின் ரோல்ஸைத் தெரியாமல் இருக்க முடியாது. சுனாமியில் புருஷனும் பிள்ளைகளும் போன பிறகு, வீட்டுத்திட்டத்தில் கொடுத்த சின்ன வீட்டில் தனியே இருந்து ரோல்ஸும் பற்றிஸும் சுட்டு விழாக்களுக்குக் கொடுத்துச் சீவித்தா. கொடுத்ததோடு நிற்கமாட்டா. பின்னேரம் நல்ல சாறி உடுத்து, முக்காடிட்டு, பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் வந்து உட்காருவா. கவியரங்கில் என்ன சொன்னார்கள் என்று கேட்டால், “நல்லாத்தான் சத்தம் போட்டாங்க” என்பா. கவிஞர்கள் அதையும் பாராட்டாக எடுத்துக்கொள்வார்கள்.

அன்றைக்கும் இரண்டு பெரிய அலுமினியத் தட்டுகளைத் துணியால் மூடிக் கட்டி வைத்திருந்தா. முகம் கொஞ்சம் வெளிறியிருந்தது, நெஞ்சுக்குள் ஏதோ எரிகிறது, இராத்திரி தின்ற கத்தரிக்காயாக இருக்கும் என்றா. ஜவாத் தட்டுகளை ஓட்டோவில் ஏற்றும்போது வாசல்வரை வந்தா.

“மனெ, இண்டைக்கு நீயாமே கதெக்கிற?”

“ஓம் ராத்தா. துஆச் செய்ங்க.”

“செஞ்சிட்டன் மனெ. ளுஹர் தொழுதுபோட்டு வாறன், முன்னுக்கு ஒரு கதிரெ புடிச்சு வெய்.”

ஜவாத் சிரித்துக்கொண்டு ஓட்டோவை எடுத்தார். கடற்கரை வீதி மண்டபத்தில் சுவரெல்லாம் பிள்ளைகளின் சித்திரங்களைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். சாமித்தம்பி சேர் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் போய் நின்று, சரிவாக இருக்கிறது, நேராக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஜவாத் ரோல்ஸ் தட்டுகளை மேசையில் வைத்தார். மைக்கைத் தட்டிப் பார்த்தார். தைத்து மடித்து வைத்திருந்த புதுச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

நடுப்பகல் ளுஹர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. பள்ளித் தலைவர்.

“ஜவாத், பாத்தும்மா மௌத்தாகிட்டா. குசினிக்குள்ள விழுந்து கிடந்திரிக்கா. வெளியூரால வர ஆளில்லதானே, அஸரோட அடக்குவம். கெதியா ஒரு சுத்துச் சுத்திச் சொல்லிடுங்க.”

இன்னாலில்லாஹி சொன்னார் ஜவாத். சரி என்றும் சொன்னார். மண்டபத்துக்கு வெளியே ஓட்டோவடிக்கு வந்து, சாவியைப் போட்டு, கையை ஹாண்டிலில் வைத்தார். அதற்குமேல் கை அசையவில்லை.

இந்த ஓட்டோ தெருவில் இறங்கி அந்தப் பெயரைச் சொன்னால் விழா இல்லை. சாமித்தம்பி சேர் ஒரு நொடி யோசிக்கமாட்டார். பெரிய வர்த்தகருக்காக நிறுத்தியவர், தங்களுக்கு இத்தனை வருடம் தின்னக் கொடுத்தவவுக்கு நிறுத்தாமல் விடுவாரா? பிறகு நோன்பு, பிறகு வினோஜா, பிறகு ஜவாத் சாகும்வரை மௌத்துச் சொல்லிக்கொண்டு திரியலாம்.

மனிதன் ஒரு பிழையைச் செய்வதென்று முடிவெடுத்துவிட்டால், நியாயங்களுக்குக் குறைவிருக்காது. கூப்பிடாமலே வந்து வரிசையில் நிற்கும். அவவுக்கு யார் இருக்கிறார்கள் வருவதற்கு? அக்கம்பக்கத்தார் போதுமே. பின்னேரம் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கு வருகிறவர்கள் எப்படியும் தொழத்தானே போகிறார்கள்? தான் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் போனவ போனவதானே? ஜவாத் இதையெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. ஆசை என்றுகூடச் சொல்லக்கூடாது. தண்ணீரில் தாழ்கிறவன் பக்கத்தில் மிதப்பவனின் கழுத்தைப் பிடிப்பானே, அந்த மாதிரி ஒன்று.

சாவியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மூன்று மணிக்குக் கிட்ட ஜெனூபா கோல் எடுத்தா. மையித்து வீட்டில் இருந்து கதைத்தா. குளிப்பாட்டி முடிந்துவிட்டது, கபன் துணியும் இட்டாகிவிட்டது.

“இஞ்சாருங்க, சனம் ஒண்டும் வரல்ல. நாங்க நாலஞ்சு பொம்புளையள்தான் இரிக்கம். நீங்க சொல்லல்லயா?”

“சொல்லிட்டுத்தான் இரிக்கன்” என்றார் ஜவாத்.

ஜெனூபா வேறொன்றும் கேட்கவில்லை. புருஷனின் சொல்லை அவ சந்தேகப்பட்டதில்லை. ஜவாத் போனை நிறுத்திவிட்டார்.

சனம் வரத் தொடங்கியது. அஸரை வழியில் உள்ள பள்ளிகளில் தொழுதுவிட்டு முஸ்லிம்கள் வந்தார்கள். பாண்டிருப்பு, காரைதீவுப் பக்கத்திலிருந்து தமிழ்க் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகள் வரைந்ததைப் பார்க்க வந்தன. கதிரைகள் நிறைந்தன. நாலு மணி தாண்டி, மங்கள விளக்கும் குர்ஆன் கிராஅத்தும் முடிந்து, வினோஜா இரண்டு வசனம் பேசிவிட்டு மைக்கை ஜவாதிடம் கொடுத்தா.

முதல் ஸலாத்துக்குச் சபை கொஞ்சம் இறுகியது. இரண்டொருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜவாத் அதைக் கண்டார். கண்டுகொண்டே வணக்கம் சொன்னார். பிறகு, “இந்தக் குரலைக் கேட்டு யாரும் எழும்பி வீட்டுக்கு ஓட வேண்டாம், இன்றைக்கு எல்லோரும் சுகமாகத்தான் இருக்கிறோம்” என்றார்.

சபை வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்போடு இறுக்கம் போயே போய்விட்டது. இரண்டு வருடமாக அவர் காத்திருந்த சிரிப்பு அது. தான் என்ன சொன்னோம் என்று ஜவாதுக்கே பிறகுதான் உறைத்தது. ஆனால் மைக் கையில் இருந்தது, சபை முகம் மலர்ந்து அண்ணாந்து பார்த்தது. அவர் நிறுத்தவில்லை.

மண்டபத்தின் பெரிய கதவு சபைக்குப் பின்னால், வீதியைப் பார்த்துத் திறந்திருந்தது. சனத்தின் முதுகு கதவுக்கு, முகம் மேடைக்கு. மேடையில் நிற்கிறவருக்கு மட்டும்தான் வீதி தெரியும். பரிசு பெற்ற ஒரு பிள்ளையின் படத்தைப் பற்றி ஜவாத் சொல்லத் தொடங்கியபோது, அந்த வீதியால் பாத்தும்மாவின் ஜனாஸா வந்தது.

எங்கள் ஊரில் மையித்தை வைத்த சந்தூக்குத் தூக்க ஆள் தேடுகிற வழக்கமே இல்லை. தோள் கொடுப்பது நன்மை என்று முண்டியடித்து வருவார்கள். நாலடி நடப்பதற்குள் ஒருவர் தோளிலிருந்து மற்றவர் தோளுக்கு மாறும். எந்த ஏழையின் மையித்தும் தலைகளுக்கு மேலே மிதந்துதான் மையவாடிக்குப் போகும். இங்கே நாலு பேர் தூக்கியிருந்தார்கள், பின்னால் இரண்டு மூன்று பேர் நடந்தார்கள். தூக்கியவர்களில் ஒருவர் வயதானவர், பள்ளியில் பாங்கு சொல்கிற மோதினார். அவருக்குக் கால் இழுத்தது. மண்டபத்து வாசலுக்கு நேரே வந்ததும் அவர் ஏதோ சொல்ல, சந்தூக்கைக் கீழே இறக்கி வைத்தார்கள். நடுவீதியில், பொரிகிற வெயிலில். தோள் மாற்ற ஆளில்லாமல் சந்தூக்கை வழியில் இறக்கி வைத்ததை ஜவாத் தன் வாழ்நாளில் கண்டதில்லை.

யாரும் திரும்பிப் பார்த்துவிடக் கூடாதே என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. குரலை உயர்த்தினார். அந்தப் பிள்ளை வரைந்த கடலைப் பற்றிச் சொன்னார், கரைவலை இழுக்கிறவர்களின் முதுகைப் பற்றிச் சொன்னார், ஒரு தூரிகை ஒரு ஊரை எப்படிப் பிடித்துவைக்கிறது என்று சொன்னார். வாயில் வந்ததெல்லாம் பொன்னாக வந்தது. ஒரு தலையும் அசையவில்லை, குழந்தைகள்கூட வாய் பார்த்திருந்தார்கள். கதவுக்கு அப்பால் மோதினார் தோளைத் துடைத்தார். திரும்பவும் குனிந்து தூக்கினார்கள். சந்தூக்கு சரிந்து நிமிர்ந்தது, கதவின் ஓரத்தைத் தாண்டி மறைந்தது. ஜவாத் பேசி முடித்தார். இவ்வளவு கைதட்டல் அவருக்குத் தன் வாழ்நாளில் கிடைத்ததில்லை.

தேநீர் இடைவேளை விட்டார்கள். சாமித்தம்பி சேர் மேடையடிக்கே வந்து ஜவாதின் கையைப் பிடித்துக்கொண்டார். முகம் முழுதும் சந்தோசம். செயற்குழுவில் சிரித்தவர்களும் பின்னால் நின்றார்கள். அடுத்த மாத நூல் வெளியீட்டுக்கு நீங்கள்தான் என்று ஒருவர் இப்போதே சொல்லி வைத்தார். ரோல்ஸ் தட்டுகளின் துணியை அவிழ்த்துச் சனத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பொரித்த வாசம் மண்டபமெல்லாம் பரவியது. ஜவாதின் கையிலும் யாரோ ஒன்றைத் திணித்தார்கள்.

பெண்கள் பக்கத்திலிருந்து வினோஜா வந்தா. பாத்தும்மா ஆன்டியைக் காணவில்லையே, ஒரு நாளும் வராமல் விடமாட்டாவே என்றா. சாமித்தம்பி சேர் எட்டிப் பார்த்தார். கடைசி வரிசையில் வேறு யாரோ இருந்தார்கள்.

“தம்பி, ஒருக்கா உங்கட ஓட்டோவக் கொண்டுபோய்ப் பாத்தும்மாவ ஏத்திக்கொண்டு வாங்க. மேலுக்குச் சுகமில்லையோ தெரியா. அவ இல்லாம நாம என்ன விழா செஞ்ச?”

ஜவாத் கையைப் பார்த்தார். கையிலிருந்த ரோல்ஸ் இன்னும் சூடு ஆறாமல் இருப்பதுபோலிருந்தது. அது உண்மையில் ஆறித்தான் இருந்தது. இதைச் சுட்டவவைத் தூக்கத் தோள் இல்லை, தின்பதற்கு முந்நூறு வாய் இருக்கிறது. அந்த முந்நூறு பேரில் அவவைத் தெரியாதவர் ஒருவருமில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தச் சபை முழுதும் அந்தச் சந்தூக்கின் பின்னால் போயிருக்கும். வீதி கொள்ளாமல் போயிருக்கும். தனக்கென்று ஒரு ஆளில்லாதவ என்று தான் யாரை நினைத்தோமோ அவவின் ஆட்கள் எல்லோரும் இங்கே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத்தான் அவர் தன் குரலால் கட்டிப்போட்டு வைத்திருந்தார்.

அவர் மேடைப்படி ஏறினார். கவியரங்கைத் தொடங்கப் போகிறார் என்று சனம் கதிரைகளைத் தேடியது. மைக்கை எடுத்தார். இரண்டாம் ஸலாம் சொன்னார்.

“ஜனாஸா அறிவித்தல்.”

எல்லாச் சத்தமும் நின்றது.

“கல்முனை, கடற்கரை வீட்டுத்திட்டத்தைச் சேர்ந்த பாத்தும்மா அவர்கள் இன்று நண்பகல் வபாத்தானார்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.”

அந்தக் குரலுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ரோல்ஸ் கடித்த வாய்கள் அப்படியே நின்றன. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி விம்மினா. முஸ்லிம்கள் இன்னாலில்லாஹி சொன்னார்கள், தமிழர்கள் எழுந்து நின்றார்கள். இப்போதுதான் செய்தி வந்திருக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். அவரைப் பரிதாபத்தோடுகூடப் பார்த்தார்கள், பாவம், அவரின் விழா நாலாம் தரமும் இப்படியாகிவிட்டதே என்று. சாமித்தம்பி சேர் மேடைக்கு வந்து, விழா இதோடு நின்றுவிட்டது, எல்லோரும் பாத்தும்மாவின் வீட்டுக்குப் போவோம் என்று சொன்னார். ஆட்கள் கதிரைகளை ஒதுக்கினார்கள். சிலர் ஓட்டோவுக்கு ஓடினார்கள்.

“எத்தின மணிக்காம் தம்பி எடுக்கிற?” என்று சாமித்தம்பி சேர் கேட்டார்.

ஜவாதின் கையில் மைக் இன்னும் திறந்துதான் இருந்தது.

“எடுத்திட்டாங்க சேர். இந்த வாசலாலதான் கொண்டுபோனாங்க. நான் கண்டன்.”

அவர் சொன்னது மண்டபம் முழுதும் கேட்டது. வெளியே போகத் திரும்பியவர்கள் நின்றார்கள்.

“உங்களுக்கு எப்ப தெரியும்?” என்றார் சேர்.

“ளுஹரோட தெரியும். சொல்லச் சொன்னாங்க. நான் சொல்லல்ல.”

சாமித்தம்பி சேர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அறுபத்தெட்டு வயது மனிதர், எத்தனையோ பிள்ளைகளுக்குக் கண், மூக்கு வரையச் சொல்லிக் கொடுத்தவர். இந்த முகத்தை எப்படிப் பார்ப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

“விழா நிண்டுடுமெண்டு எங்களுக்காகவா தம்பி மறைச்ச?” என்று கடைசியில் கேட்டார். அப்படித்தான் என்று ஜவாத் சொல்லிவிட வேண்டும், அதைப் பிடித்துக்கொண்டாவது இந்த மனிதனை மன்னித்துவிடலாம் என்று அவர் ஏங்கியது கேள்வியிலேயே இருந்தது.

“இல்ல சேர்” என்றார் ஜவாத். “எனக்காகத்தான்.”

சாமித்தம்பி சேர் படியிறங்கிப் போனார். பெண்கள் பாத்தும்மாவின் வீட்டுப் பக்கம் போனார்கள், ஆண்கள் மையவாடிப் பக்கம் நடந்தார்கள். கப்றின் மண்ணையாவது பார்த்துவிட்டு வருவோம் என்று தமிழர்களும் கூட நடந்தார்கள். வீதி கொள்ளாத சனம், ஆனால் தூக்கிப்போக ஒன்றுமில்லை. ஜவாத் மைக்கை அணைத்துவிட்டுக் கடைசி ஆளாகப் பின்னால் நடந்தார். யாரும் அவரை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. அவரோடு சேர்ந்து நடக்கவும் ஒருவரும் பின்தங்கவில்லை.